வருடா வருடம் வறண்டுபோகும் குட்டையைக் காப்பாற்றி என்ன பயன்?

கேள்வி | 11 மே 2024

ரெஜைனாவுக்கு வெளியே வீடு, கனடாவின் சஸ்காச்சுவான் மாகாணத்துக்கு வந்து சில வருடம்தான் ஆகிறது. இங்கே கோதுமை வயலுக்கு நடுவில் எங்கே பார்த்தாலும் சின்னச் சின்னக் குட்டைகள். ஏப்ரலில் தண்ணீர் நிற்கிறது, ஜூலையில் பாதிக்கு மேல் காய்ந்து வெறும் மண். வாய்க்கால் வெட்டி இதை வடிக்கலாமா கூடாதா என்று ஊரில் பெரிய சண்டை. தானாகவே வறண்டுபோகிற ஒன்றுக்கு எதற்குப் பாதுகாப்பு? இத்தனை குட்டைக்குப் பதில் ஒரே ஏரியாகக் கரை கட்டி, மதகு வைத்து, வருடம் முழுக்கத் தண்ணீரை நிறுத்தினால் பறவைக்கும் நல்லது, விவசாயிக்கும் நல்லது. நான் சொல்வது தப்பா?

12 மே 2024

தப்பு. வாத்துக்கு முட்டையிடும் பருவத்தில் வேண்டியது அந்த வறளும் குட்டைதான், ஏரி இல்லை.

உங்கள் வீட்டைச் சுற்றி இருப்பது பனிப்பாறை விட்டுப்போன பள்ளங்கள். 10,000 முதல் 12,000 வருடங்களுக்கு முன் பனி பின்வாங்கியபோது மண்ணுக்குள் புதைந்த பனிக்கட்டிகள் உருகி இந்தக் குழிகள் உண்டாயின. ஆல்பர்ட்டா, சஸ்காச்சுவான், மனிடோபா, அப்புறம் எல்லைக்குத் தெற்கே மொன்டானா, இரண்டு டக்கோட்டாக்கள், மினசோட்டா, அயோவா. மொத்தம் 7 லட்சம் சதுர கிலோமீட்டருக்கு மேல். வட அமெரிக்காவின் வாத்துகளில் பாதிக்குக் குறையாமல் இங்கேதான் பிறக்கின்றன.

மல்லார்ட் என்ற வாத்து இனத்தில் ஒரு பெட்டை நாளுக்கு ஒன்றாகச் சுமார் ஒன்பது முட்டை இடும். அந்த முட்டைகளின் எடை அவள் எடையில் ஐந்தில் இரண்டு பங்கு. தானியம் தின்று அத்தனை முட்டை இட முடியாது. புரதம் வேண்டும், அதாவது புழு, பூச்சி, நத்தை, தலைகீழாக நீந்தும் அந்தக் குட்டி இறால். பனி உருகியதும் முதலில் சூடாவது முழங்கால் ஆழக் குட்டை. ஏரியில் இன்னும் பனிக்கட்டி மிதந்துகொண்டிருக்கும்போது இதில் மிட்ஜ் என்ற கொசு மாதிரிப் பூச்சியின் புழு நெளியும். குட்டை வறண்டுபோவதால் அதில் மீனும் கிடையாது. மீன் இருந்தால் வாத்துக்கு முன்னால் அதுவே புழுவைத் தின்று தீர்த்துவிடும். வறட்சி செய்யும் முதல் உபகாரம் இது.

இன்னொன்று. ஆண் வாத்து தன் ஜோடி மேயும் இடத்தில் இன்னொரு ஜோடியைச் சேர்க்காது. பத்து ஏக்கர் ஏரி ஒன்றைவிட ஒரு ஏக்கர் குட்டை பத்தில் அதிக ஜோடிகள் குடியேறும்.

12 மே 2024, இரவு

இதையெல்லாம் எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள் என்று தனிமடலில் ஒருவர் கேட்டிருக்கிறார். இங்கேயே சொல்கிறேன்.

மனிடோபாவில் முதுகலை படிக்கும்போது கோடையில் கூடு தேடும் குழுவில் வேலை பார்த்தேன். ஊரில் "கனடாவில் பறவை ஆராய்ச்சி" என்று சொல்லிவைத்திருந்தார்கள். உண்மையில் அது சங்கிலி இழுக்கிற உத்தியோகம். இரண்டு குவாட் வண்டி (நாலு சக்கர பைக் மாதிரி), நடுவில் நீளமான சங்கிலி. புல்வெளியில் மெதுவாக ஓட்டிக்கொண்டே போக வேண்டும். சங்கிலி மேலே உரசும் நொடியில் அடைகாக்கும் பெட்டை படபடவென்று எழும்பும். உடனே வண்டியை நிறுத்தி, அது எழும்பிய இடத்தைக் கண்ணால் பிடித்துக்கொண்டு நடக்க வேண்டும். ஒரு நொடி திரும்பிப் பார்த்தால் போச்சு, எல்லாப் புல்லும் ஒரே மாதிரி இருக்கும்.

கூடு கிடைத்ததும் முட்டையை எண்ணி, ஒன்றை எடுத்துச் சூரியனுக்கு நேரே பிடித்து உள்ளே கரு எத்தனை நாள் வளர்ந்திருக்கிறது என்று பார்ப்பது. அதற்கு உலகத்தரமான கருவி, ஒரு துண்டு கறுப்பு ரேடியேட்டர் ஹோஸ். ஒரு முனையில் முட்டை, மறுமுனையில் கண். அப்புறம் கூட்டுக்குச் சற்றுத் தள்ளி ஒரு வில்லோ குச்சியை நட்டுவிட்டு வர வேண்டும். வாரம் பத்து நாள் கழித்து மறுபடி போய்ப் பார்த்தால் குஞ்சு பொரித்த ஓட்டின் சவ்வு இருக்கும், இல்லை நரி தின்ற மிச்சம் இருக்கும், இல்லை ஒன்றுமே இருக்காது.

மாலையில் உண்ணி பொறுக்குவது தனி வேலை. அதைப் பற்றி விரிவாக எழுத விருப்பமில்லை.

15 மே 2024

"நீங்கள் பார்த்த கூடுகளில் எத்தனை சதவீதம் பொரித்தது?" என்ற கேள்விக்கு நேரான பதில் சொல்ல முடியாது. அதுதான் இந்தத் துறையின் பழைய பொறி.

இட்ட மறுநாளே ஸ்கங்க் (நாற்றம் பீய்ச்சும் சின்ன விலங்கு) தின்றுவிட்ட கூடு யார் கண்ணிலும் படாது. பொரிக்கும் தறுவாயில் இருக்கும் கூடு பல நாள் இருந்ததால் கண்ணில் படும். ஆகவே கிடைத்த கூடுகளை மட்டும் எண்ணினால் வெற்றி விகிதம் எப்போதும் அதிகமாகவே காட்டும். இதற்கு வழி சொன்னவர் ஹரோல்ட் மேஃபீல்ட். ஒஹையோக்காரர், தொழில் வேறு, பறவை பார்ப்பது ஆசைக்கு. கூடு எத்தனை என்று எண்ணாதே, கூடுகள் உன் பார்வையில் இருந்த நாட்களைக் கூட்டு, அந்த நாட்களில் எத்தனை அழிந்தன என்று பார், ஒரு நாள் பிழைக்கும் வாய்ப்பு கிடைக்கும் என்றார். 1961இல் வந்த யோசனை. இன்றைய சிக்கலான கணக்குகள் எல்லாம் அதன் பேரன் பேத்திகள்.

மல்லார்டுக்கு முட்டையிடவும் அடைகாக்கவும் சேர்த்துச் சுமார் 35 நாள். ஒரு நாள் பிழைக்கும் வாய்ப்பு 95 சதவீதம் என்றால் நன்றாகத்தானே இருக்கிறது என்று தோன்றும். 0.95ஐ 35 தடவை பெருக்கிப் பாருங்கள், 17 சதவீதத்துக்குக் கீழே வரும். 94 சதவீதம் என்றால் 11 அல்லது 12. 96 என்றால் 24. தினசரி வாய்ப்பில் ஒரே ஒரு சதவீதப் புள்ளி கூடினால் குறைந்தால் வருட முடிவு தலைகீழாகிறது.

மல்லார்ட் எண்ணிக்கை சரியாமல் நிற்க 15 சதவீத அளவு கூடுகளாவது பொரிக்க வேண்டும் என்று 1985இல் கவார்டின் குழு வட டக்கோட்டா ஆய்வில் கணக்கிட்டது. அந்த எண் இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. ஆக இந்த நிலத்தில் செய்யும் வேலையெல்லாம் கடைசியில் அந்த 94ஐ 95 ஆக்குவதற்குத்தான்.

16 மே 2024

ஸ்கங்க் நாற்றம் பட்டதுண்டா என்று கேட்டவருக்கு: ஆமாம், என் மேலும் அடித்திருக்கிறது. தக்காளிச் சாற்றில் குளித்தால் போகும் என்பது பொய். பேக்கிங் சோடாவும் ஹைட்ரஜன் பெராக்சைடும் பாத்திரம் கழுவும் சோப்பும் கலந்தால் ஓரளவு போகும்.

2 ஜூன் 2024

கேள்வி கேட்டவர் விடவில்லை: "சரி, முட்டையிடக் குட்டை என்றே வைத்துக்கொள்வோம். பெரிய சதுப்பிலாவது தண்ணீரை ஒரே மட்டத்தில் நிறுத்தினால் என்ன கெட்டுவிடும்?"

என்ன கெடும் என்று பார்க்க டெல்டா சதுப்புக்கு வாருங்கள். மனிடோபா ஏரியின் தெற்குக் கரை, வினிபெக்கிலிருந்து காரில் ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல். இந்தத் துறையின் தாய்வீடு என்றே சொல்லலாம். ஜெனரல் மில்ஸ் என்ற அமெரிக்க உணவு நிறுவனத்தின் நிறுவனர் ஜேம்ஸ் ஃபோர்ட் பெல் வேட்டைக்கு வைத்திருந்த இடத்தில் 1938இல் ஆராய்ச்சி நிலையம் தொடங்கியது. அமெரிக்க வனவிலங்கு அறிஞர் ஆல்டோ லியோபோல்டின் மாணவர் ஆல்பர்ட் ஹாக்பாம் அதை நடத்தினார். வேட்டைக்காரர் பணம், விஞ்ஞானி மூளை. இந்தக் கூட்டணியைப் பற்றிப் பிறகு எழுதுகிறேன், எனக்கே அதில் இரண்டு மனசு.

1961இல் ஃபேர்ஃபோர்ட் ஆற்றில் மதகு கட்டி மனிடோபா ஏரியின் மட்டத்தைக் குறுகிய எல்லைக்குள் பிடித்து வைத்தார்கள். வெள்ளத்துக்கும் ஏரிக்கரை வீடுகளுக்கும் அது தேவையாக இருந்தது. சதுப்புக்கு நடந்தது வேறு. முன்பு சில வருடம் பொங்கும், சில வருடம் அடி தெரியக் காயும். அது நின்றுபோனது. சேற்றுக்குள் தூங்கும் கோரை விதை, நாணல் விதை எல்லாம் முளைக்க மண் வெளியே தெரிய வேண்டும், காற்றுப் பட வேண்டும். தண்ணீருக்கு அடியில் அவை முளைக்காது. அதனால் உள்ளே தீவு தீவாக நின்ற கோரை கரைந்துபோய் நடுவில் வெறும் தண்ணீர், ஓரத்தில் சுவர் மாதிரிச் சம்பு என்று இரண்டாகப் பிரிந்துவிட்டது. கூடவே கெண்டை இனத்துக் கார்ப் மீன் புகுந்து அடிச்சேற்றைக் கிளறித் தண்ணீரைக் கலக்கியது. கலங்கிய நீரில் நீருக்கடியில் வளரும் பாசிக்கொடிகளும் போயின. வாத்து தின்பது அதைத்தான். கால்வாய் வாய்களில் பெரிய கார்ப் நுழையாதபடி தடுப்புக் கம்பி போட்டது 2013 வாக்கில்தான்.

நீங்கள் கேட்ட கரையும் மதகும் நிலையான தண்ணீரும் அங்கே அறுபது வருடமாக ஓடிக்கொண்டிருக்கும் சோதனை.

2 ஜூன் 2024, சற்று கழித்து

அதே சதுப்பில் வேண்டுமென்றே செய்த சோதனையும் உண்டு. 1980களில் டெல்டா ஆராய்ச்சி நிலையமும் டக்ஸ் அன்லிமிடெட் கனடா என்ற ஈரநிலப் பாதுகாப்பு அமைப்பும் சேர்ந்து பத்து பாத்தி கட்டினார்கள். முதலில் வழக்கத்தைவிட சுமார் ஒரு மீட்டர் அதிகமாக நிரப்பி இரண்டு வருடம் விட்டு எல்லாச் செடியையும் மூழ்கடித்தார்கள். அப்புறம் வடித்துக் காயவிட்டார்கள். காய்ந்த சேற்றில் விதை முளைத்து மேலே வந்தபின் மறுபடி வெவ்வேறு மட்டத்துக்கு நிரப்பினார்கள். சதுப்புக்கு ஒரு சுழற்சி உண்டு என்று வான் டெர் வால்க்கும் டேவிஸும் அயோவாவில் 1978இல் சொன்னதைப் பெரிய அளவில் ஓட்டிப் பார்த்த வேலை அது. வறண்ட சதுப்பு, முளைக்கும் சதுப்பு, நலியும் சதுப்பு, ஏரிச் சதுப்பு, மறுபடி வறட்சி. வறட்சி வராமல் போனால் சுழற்சி அங்கேயே நின்றுவிடும்.

அதற்கும் முன்னால் 1965இல் வெல்லரும் ஸ்பாட்சரும் அயோவாவில் கண்டது: பாதி தண்ணீர், பாதி கோரை என்று கலந்து கிடக்கும்போதுதான் பறவை அதிகம், வகையும் அதிகம். டெல்டாவில் காமின்ஸ்கியும் பிரின்ஸும் கோரையை வெட்டி வெவ்வேறு விகிதத்தில் வைத்துப் பார்த்தபோதும் பாதிக்குப் பாதிதான் வாத்துக்குப் பிடித்தது.

4 ஜூன் 2024

மறுபடி யோசித்தேன். பாதிக்குப் பாதி என்பதை வேதவாக்காக எடுத்துக்கொள்ளாதீர்கள். அது வாத்துக்கும் நாமக்கோழிக்கும் கருப்பு ஆலாவுக்கும் சரி. சதுப்புச் சிட்டுக்கும் கானாங்கோழி வகைகளுக்கும் அடர்ந்த கோரை வேண்டும். கோணமூக்கு உள்ளானுக்கும் பைப்பிங் உப்புக்கொத்திக்கும் கோரையே வேண்டாம், உப்புப் படிந்த வெறும் கரை போதும். சஸ்காச்சுவானின் சாப்ளின் ஏரிப் பக்கம் போனால் பார்க்கலாம். எல்லாக் குட்டையையும் ஒரே மாதிரி "சிறந்த" நிலைக்குக் கொண்டுவருவதும் ஒரு வகை அழிப்புதான்.

இங்கேதான் அந்த இரண்டு மனசு. பணம் கொடுப்பவர் வாத்து வேட்டைக்காரர். 1934 முதல் அமெரிக்காவில் வாத்து வேட்டைக்கு அனுமதியாக ஒரு அரசு ஸ்டாம்ப் வாங்க வேண்டும். இப்போது விலை 25 டாலர், அதில் 98 சதவீதம் நிலம் வாங்கவும் குத்தகைக்கும் போகிறது. வேறு எந்தப் பறவை ஆர்வலர் கூட்டமும் இந்த அளவு ஈரநிலத்தை வாங்கிக் காட்டியதில்லை, பைனாகுலர் கூட்டத்தைச் சேர்ந்த நான் இதைச் சொல்லியே ஆக வேண்டும். ஆனால் கணக்கு எப்போதும் வாத்தில் முடிகிறது. ஆலாவுக்காக யாரும் ஸ்டாம்ப் அடிப்பதில்லை.

சம்பு பற்றி: இப்போது குட்டையை மூடி நிற்பது பெரும்பாலும் உள்ளூர் சம்புவும் குறுகிய இலைச் சம்புவும் கலந்த கலப்பினம். ஆழமான நீரிலும் வளரும், வேறு எதையும் விடாது. தீ வைக்கிறார்கள், மாடு விடுகிறார்கள், கிளைஃபோசேட் களைக்கொல்லி தெளிக்கிறார்கள். வட டக்கோட்டாவில் தெளிக்கக் காரணம் வாத்துகூட இல்லை, சூரியகாந்தி. சம்புக்குள் இராத் தங்கும் கருங்குருவிக் கூட்டம் விடிந்ததும் சூரியகாந்தி வயலில் இறங்கிவிடுகிறது.

20 ஜூன் 2024

"நரியைச் சுட்டால் தீர்ந்தது" என்று எழுதியவருக்கு.

அவ்வளவு எளிதில்லை. சொவாடாவும் சக ஆய்வாளர்களும் 1995இல் வெளியிட்ட ஆய்வில் சிவப்பு நரி ஆளும் பகுதிகளில் வாத்துக் கூடு பொரித்தது 17 சதவீதம், கொயோட்டி (சிறிய ஓநாய் மாதிரி விலங்கு) ஆளும் பகுதிகளில் 32. கொயோட்டியும் முட்டை தின்னும், ஆனால் ஒரு குடும்பம் பெரிய நிலத்தைப் பிடித்துக்கொண்டு நரியை உள்ளே விடாது. நரியோ சின்ன எல்லை, ஊருக்கு ஊர் ஒன்று, கண்ட முட்டையை எல்லாம் எடுத்துப் பின்னால் தின்னப் புதைத்தும் வைக்கும். கொயோட்டியைச் சுட்டுத் தள்ளினால் நரிக்குக் கதவைத் திறந்துவிட்ட மாதிரி.

பொறி வைத்துப் பிடிப்பதில் பலன் இல்லை என்று சொல்ல மாட்டேன். பிடிக்கும் வருடம், பிடிக்கும் இடத்தில் கூடு அதிகம் பொரிக்கிறது. நிறுத்தினால் பழைய கதை. நான் அந்தப் பணத்தைப் புல்லுக்குச் செலவழிப்பேன். புல் பரப்பு பெரிதாக இருந்தால் ஸ்கங்க் தேடித் தேடிச் சலிக்கும். கீற்று மாதிரி ஓரப் புல் மட்டும் இருந்தால் அது நேராக நடந்தே எல்லாவற்றையும் தின்றுவிட்டுப் போகும்.

வைக்கோல் சுற்றிய கம்பிவலைக் குழாயைக் கம்பத்தில் மாட்டித் தண்ணீர் நடுவில் நடுவது இன்னொரு வழி. மல்லார்ட் ஜம்மென்று போய் உட்காரும், நன்றாகப் பொரிக்கும். ஊசிவால் வாத்து எட்டிக்கூடப் பார்க்காது.

7 ஜூலை 2024

ஊசிவால் வாத்துக்கு வந்துவிட்டோம். வேதாரண்யம் பக்கம் குளிர்காலத்தில் பார்த்திருப்பீர்கள், அதே இனம்தான். ஆனால் அவை வடக்கு ஆசியாவிலிருந்து வருபவை.

இங்கே இதன் பிரச்சினை, வயலைப் புல்வெளி என்று நம்புவது. மற்ற வாத்துகளுக்கு முன்பே வந்து, போன வருடம் அறுத்த பயிரின் தாளுக்குள் தரையில் முட்டையிடும். மே மாதம் விதைப்புக் கருவி வருகிறது, கூடு போகிறது. மல்லார்ட் கூடு அழிந்தால் மறுபடி மறுபடி முயற்சி செய்யும். ஊசிவாலுக்கு அந்தப் பிடிவாதம் குறைவு. 1950களில் கணக்கெடுப்பில் ஒரு கோடி அளவுக்கு இருந்த இனம் இது.

நான் பார்த்ததில் உண்மையாக உதவியது குளிர்காலக் கோதுமை. இலையுதிர் காலத்திலேயே விதைத்துவிடுவதால் வசந்தத்தில் யாரும் வயலுக்குள் இறங்குவதில்லை. விவசாயிக்கு விளைச்சல், வாத்துக்கு அமைதி. எல்லா விவசாயிக்கும் அது சரிப்படாது, முந்தைய பயிரை நேரத்தில் அறுத்தால்தான் விதைக்க முடியும்.

11 ஆகஸ்ட் 2024

ஏரிக்கரையில் செத்த வாத்து கிடக்கிறது, பறவைக் காய்ச்சலா என்று கேட்டிருந்தார் ஒருவர். இருக்கலாம், தொடாமல் மாகாண வனவிலங்கு அலுவலகத்துக்குச் சொல்லுங்கள். ஆனால் வெப்பமான ஆகஸ்டில், கழுத்தைத் தூக்க முடியாமல் சாகும் வாத்து என்றால் சி வகை பாட்டுலிசம் என்ற பாக்டீரியா நச்சு நோயாகவும் இருக்கலாம். செத்த வாத்தில் நச்சு உண்டாகிறது, அதைத் தின்னும் புழுவுக்கு ஒன்றும் ஆவதில்லை, அந்தப் புழுவைத் தின்னும் வாத்து சாகிறது, அதிலும் புழு. 1990களில் ஆல்பர்ட்டாவின் பக்கோவ்கி ஏரியிலும் சஸ்காச்சுவானின் ஓல்ட் வைவ்ஸ் ஏரியிலும் மலை மலையாகச் செத்தன. பிணங்களைப் பொறுக்கினால் நிற்கும் என்று வருடக்கணக்கில் படகில் போய்ப் பொறுக்கினார்கள். பிறகு இறகுதிர் காலத்து மல்லார்டுகளுக்கு ரேடியோ கட்டிப் பார்த்தால், பொறுக்கிய ஏரிக்கும் பொறுக்காத ஏரிக்கும் உயிர் பிழைப்பதில் வித்தியாசம் தெரியவில்லை.

ஏரி வேண்டாம் என்று இதிலிருந்து எடுத்துக்கொள்ளாதீர்கள். ஜூலையில் சின்னக் குட்டை காய்ந்ததும் தாய் குஞ்சுகளை நடத்திக்கொண்டு தண்ணீர் நிற்கும் குட்டைக்குப் போகிறாள். இறகுதிர்ந்து பறக்க முடியாத வாரங்களில் பெரிய சதுப்புதான் அடைக்கலம். எல்லா அளவிலும் வேண்டும். ஆனால் முதலில் காணாமல் போவது எப்போதும் சின்னது.

31 ஆகஸ்ட் 2024

இந்த வருட (2024) வாத்துக் கணக்கெடுப்பு வந்துவிட்டது. மொத்த வாத்து 3.4 கோடி, போன வருடம் 3.23 கோடி. மல்லார்ட் 66 லட்சம். மே மாதக் குட்டைகள் சுமார் 52 லட்சம், நீண்டகாலச் சராசரியை ஒட்டி. ஊசிவால் 20 லட்சத்துக்குச் சற்றுக் கீழே, சராசரியில் பாதி. 1955 முதல் சிறு விமானத்தில் தாழப் பறந்து எண்ணுகிறார்கள். இடையில் நின்றது 2020, 2021 கோவிட் வருடங்களில்தான்.

"பார்த்தீர்களா, குட்டையும் இருக்கிறது, வாத்தும் கூடியிருக்கிறது" என்று உடனே ஒரு பதில். அந்த 52 லட்சம் மே மாதம் தண்ணீர் நின்ற குட்டைகள். மழை பெய்தால் கூடும், பொய்த்தால் குறையும். வறண்ட குட்டைக்கும் வடித்த குட்டைக்கும் உள்ள வித்தியாசம் அதில் ஒரு வருடத்தில் தெரியாது. வறண்டது அடுத்த மழைக்குத் திரும்பி வரும். வாய்க்கால் வெட்டியது திரும்பாது.

1980களின் வறட்சியில் வாத்து சரிந்தது. 1990களில் மழை வந்தபோது பிரமாதமாக ஏறியது. ஏறக் காரணம் மழை மட்டும் இல்லை. 1985 விவசாயச் சட்டத்தில் அமெரிக்க அரசு விவசாயிகளுக்கு வாடகை கொடுத்துப் பல லட்சம் ஏக்கரைப் புல்லாக்கி வைத்திருந்தது. மழை வந்தபோது குழியும் இருந்தது, சுற்றிப் புல்லும் இருந்தது. 1992 முதல் 1997 வரை அந்தப் புல்லால் மட்டும் கூடுதலாக 1.24 கோடி வாத்து உருவானதாக ரெனால்ட்ஸ் குழு மதிப்பிட்டது. இப்போது ஒப்பந்தம் முடிந்த நிலம் நிறைய மக்காச்சோளத்துக்கும் சோயாவுக்கும் போய்விட்டது. அடுத்த நல்ல மழைக்கு என்ன நடக்கும் என்பதுதான் எனக்குக் கவலை, இந்த வருட எண் இல்லை.

இன்னொரு சங்கடம். தட்பவெப்பம் மாறினால் மேற்குப் பக்கம் காயும், நல்ல ஈரம் கிழக்கே தங்கும் என்று ஜான்சன் குழுவின் 2005 மாதிரி சொல்கிறது. கிழக்கே என்றால் அயோவா, மினசோட்டா. அயோவா 1980களுக்குள் தன் ஈரநிலத்தில் 89 சதவீதத்தை வடித்துவிட்டது. மழை போகும் இடத்தில் குழி இல்லை.

3 செப்டம்பர் 2024

விவசாயியை வில்லனாக்கி வந்த பதில்களை நான் ஏற்கவில்லை. அறுபதடி விதைப்புக் கருவியை இழுத்துக்கொண்டு ஒவ்வொரு குட்டையையும் சுற்றி வளைத்து ஓட்டிப் பாருங்கள். ஒரே இடத்தில் விதையும் உரமும் இரண்டு தடவை விழும், டீசல் எரியும், ஈரத்தில் டிராக்டர் சிக்கும். அந்தக் குட்டைக்காக அவருக்குப் பெரும்பாலும் யாரும் ஒரு காசு கொடுப்பதில்லை. அமெரிக்காவில் 1958 முதல் ஸ்டாம்ப் பணத்தில் குட்டைக்கு நிரந்தர ஒப்பந்தம் வாங்குகிறார்கள்: நிலம் அவருடையதே, காய்ந்த வருடம் உழுது விதைக்கவும் செய்யலாம், வடிக்கவோ நிரப்பவோ எரிக்கவோ கூடாது. இதில் எனக்குப் பிடித்ததே "காய்ந்தால் உழு" என்பதுதான். உங்கள் பக்கத்து நிலத்துக்காரரிடம் வாத்தைப் பற்றிப் பேசாதீர்கள். ஏக்கருக்கு எவ்வளவு கிடைத்தால் வாய்க்காலை மூடுவார் என்று கேளுங்கள்.

9 செப்டம்பர் 2024

கேள்வி கேட்டவர் பக்கத்து நிலத்துக்காரரிடம் கேட்டுவிட்டு வந்து தொகையையும் எழுதியிருக்கிறார். அதை இங்கே பொதுவில் போட வேண்டாம், நீக்கிவிடுங்கள், ஊர் சின்னது. ஆனால் அந்தத் தொகை நான் நினைத்ததைவிடக் குறைவு.

செப்டம்பர் கடைசியில் பறவை பார்க்க எங்கே போகலாம் என்ற கேள்விக்கு: லாஸ்ட் மவுண்டன் ஏரியின் வடக்கு முனை. 1887இல் ஒதுக்கிய இடம், வட அமெரிக்காவின் முதல் மத்திய அரசுப் பறவை சரணாலயம். சாண்ட்ஹில் கொக்குகள் ஆயிரக்கணக்கில் இறங்கும். கார் பெட்ரோல் டேங்கை முன்பே நிரப்பிக்கொள்ளுங்கள், மழை பெய்திருந்தால் மண் ரோட்டில் இறங்காதீர்கள்.